கணக்கு நம் பேரில்; நம்பர் யார் பேரில்?



இந்த இதழின் பாடம், செல்போன் வழியாகப் பணம் வருவதும் போவதும் பற்றியது. "அதெல்லாம் படிச்ச பிள்ளைங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் இன்று பூக்காரம்மா கூடையிலும் கீரைக்காரம்மா தட்டிலும் கட்டம் கட்டமான அந்த அட்டை இருக்கிறது. டீக்கடையில் ஒரு சின்னப் பெட்டி, பணம் வந்ததும் எத்தனை ரூபாய் வந்தது என்று தமிழில் சத்தமாகச் சொல்கிறது. முத்தியால்பேட்டை, அய்யம்பேட்டை பக்கத்துக் கிராமங்களிலும் இதே கதைதான். நாம் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் இது வாசலுக்கு வந்துவிட்டது.

வந்துவிட்ட பொருளைப் பற்றி நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பாஸ்புக்கில் நம் பேர் இருக்கிறது, சரி. அந்தக் கணக்கோடு சேர்த்திருக்கிற செல் நம்பர் யாருடையது? இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று புரிந்துகொள்வதுதான் இன்றைய பாடம்.

இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தது?

நம் நாட்டில் முதல் செல்போன் பேச்சு 1995 ஜூலை 31-ல் நடந்தது. கல்கத்தாவில் இருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அந்தக் காலத்தில் ஒரு நிமிடம் பேச 16 ரூபாய் வரை ஆனது. நாம் கூப்பிட்டாலும் காசு, நம்மை யாராவது கூப்பிட்டாலும் காசு. வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனது 2003 மே மாதத்தில்தான். அதற்குப் பிறகுதான் செல்போன் பணக்காரர் பையிலிருந்து இறங்கி நம் வீட்டு அலமாரிக்கு வந்தது.

2016 ஏப்ரலில் என்.பி.சி.ஐ. என்ற அமைப்பு யு.பி.ஐ. முறையை அறிமுகம் செய்தது. எந்த பாங்க் கணக்கிலிருந்தும் எந்த பாங்க் கணக்குக்கும் போன் மூலமாக உடனே பணம் அனுப்பும் முறை அது. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் முழுவதும் நாடெங்கும் நடந்த யு.பி.ஐ. வரவு செலவு ஒரு லட்சத்தைக்கூட எட்டவில்லை. 2025 ஆகஸ்டிலோ ஒரே மாதத்தில் 2,000 கோடி தடவைக்கு மேல் நடந்திருக்கிறது. ஒன்பது வருஷத்தில் இவ்வளவு வேகமாக நம் அன்றாட வாழ்க்கைக்குள் வந்த பொருள் வேறு ஏதாவது உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் போன் எல்லோர் கைக்கும் ஒரே மாதிரி வரவில்லை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தாமே பயன்படுத்தும் செல்போன் தமக்கு உண்டு என்று சொன்ன பெண்கள் நாட்டில் 100-க்கு 54 பேர்தான். வீட்டில் போன் இருப்பது வேறு, நம் கையில் போன் இருப்பது வேறு என்பதை இது காட்டுகிறது.

கட்டம் நமக்குப் புதுசா?

கடையில் ஒட்டியிருக்கிற கியூ.ஆர். கட்டத்தைப் பார்த்தால் பல பேருக்குப் பயம். தறி இருக்கிற வீட்டுப் பெண்களுக்கு அந்தப் பயம் வேண்டியதே இல்லை.

புடவைக்கு டிசைன் போடுகிறவர் என்ன செய்கிறார்? சின்னச் சின்னக் கட்டம் போட்ட கிராப் தாளில் மயிலோ அன்னமோ வரைகிறார். நிரப்பிய கட்டம் என்றால் இழை மேலே எழும்ப வேண்டும். வெற்றுக் கட்டம் என்றால் எழும்பக் கூடாது. அதைப் பார்த்து அட்டையில் துளை அடிக்கிறார்கள். துளை இருக்கும் இடத்தில் இழை தூக்கும், துளை இல்லாத இடத்தில் தூக்காது. அந்த அட்டைகளை வரிசையாகக் கோர்த்து ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால் பூ தானாக விழுகிறது.

இந்தப் பெட்டியை 1804 வாக்கில் பிரான்ஸ் நாட்டின் லியோன் என்ற பட்டு நெசவு ஊரில் ஜோசப் மேரி ஜக்கார்டு என்பவர் உருவாக்கினார். காஞ்சியில் முன்பு அடை கட்டி, கூட ஒரு ஆள் இழையைத் தூக்கிக் கொடுத்து நெய்தார்கள். பிறகு ஜக்கார்டு வந்தது. இதே துளை அட்டை யோசனையைத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். 1890-ல் அமெரிக்காவின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹாலரித் என்பவர் துளை அட்டைகளைக் கொண்டு எண்ணி முடித்தார். கம்ப்யூட்டரின் முன்னோர்களில் தறியும் ஒன்று என்று நாம் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கியூ.ஆர். கட்டமும் இதே கணக்குதான். கறுப்புக் கட்டம், வெள்ளைக் கட்டம் இரண்டே இரண்டு. 1994-ல் ஜப்பானில் டென்சோ நிறுவனக் குழுவில் வேலை பார்த்த மசாஹிரோ ஹரா என்பவரும் அவருடைய ஆட்களும் கார் உதிரிப் பாகங்களை அடையாளம் காண இதைச் செய்தார்கள். மூலையில் இருக்கும் மூன்று பெரிய சதுரங்கள், எது மேல், எது கீழ் என்று கேமராவுக்குக் காட்டுகின்றன. கொஞ்சம் அழுக்குப் பட்டாலும் கிழிந்தாலும்கூடப் படித்துவிடும். அந்தக் கட்டத்துக்குள் பணம் எதுவும் இல்லை. "இந்தக் கணக்குக்கு அனுப்பு" என்ற முகவரி மட்டும்தான் இருக்கிறது. நம் வீட்டு வாசலில் கதவு எண் எழுதி வைத்த மாதிரி. கதவு எண்ணைப் பார்த்தவர் வீட்டுக்குள் புகுந்துவிட முடியாது. புக வேண்டும் என்றால் சாவி வேண்டும். அந்தச் சாவி எது என்று அடுத்துப் பார்ப்போம்.

சாவி எங்கே இருக்கிறது?

போனில் பணம் அனுப்ப மூன்று சங்கதி வேண்டும்.

முதலாவது, பாங்க்கில் பதிவு செய்த செல் நம்பர். புதுப் போனில் பணம் அனுப்பும் ஆப் போட்டவுடன், அந்தப் போனில் உள்ள சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். தானாகப் போகும். "இந்த நம்பர் இந்தப் போனில்தான் இருக்கிறது" என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு அந்த நம்பரோடு சேர்ந்த கணக்குகள் எல்லாம் திரையில் வந்து நிற்கும்.

இரண்டாவது, ஏ.டி.எம். கார்டு. கார்டின் கடைசி 6 எண்களும் அது காலாவதி ஆகும் மாதம், வருடமும் கேட்கும். கார்டு இல்லாவிட்டால் ஆதார் மூலமாகவும் செய்யலாம்.

மூன்றாவது, நம்பருக்கு வருகிற ஓ.டி.பி. இதைப் போட்டதும் ரகசிய பின் நம்பரை நாமே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கவனியுங்கள். இந்த மூன்றில் எதற்காவது நம் கையெழுத்து வேண்டுமா? நம் முகம் வேண்டுமா? பாஸ்புக் வேண்டுமா? எதுவும் வேண்டாம். சிம் யார் போனில் இருக்கிறதோ, கார்டு யாருக்கு எட்டுகிறதோ, அவர் நம் கணக்குக்குப் பின் நம்பர் போட்டுவிட முடியும். பாங்க் கவுன்டரில் கணக்கு நம்முடையது. போனில் பார்த்தால் நம்பர் வைத்திருப்பவர் கையில்தான் சாவி.

நம் ஊரில் தொடங்கிய உதாரணம்

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியது நம் காஞ்சிபுரத்தில்தான். அண்ணா பிறந்த ஊரில், அவர் பிறந்த நாளன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். மாதம் 1,000 ரூபாய் என்று முதல் கட்டத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மேல் நேராக அவரவர் பாங்க் கணக்கில் போடப்பட்டது. விழாவில் பெண்களுக்கு ஏ.டி.எம். கார்டும் கொடுத்தார்கள்.

இதன் அர்த்தம் பெரியது. குடும்பத் தலைவி என்ற பேரில், கணவர் கையைத் தாண்டி, நேராகப் பெண்ணின் கணக்குக்குப் பணம் வந்தது. ஆனால் அந்த மாதம் எத்தனை வீடுகளில், "அம்மா, உனக்குப் பணம் வந்திருக்கு, மெசேஜ் வந்துச்சு" என்று மகன் வந்து சொன்னான்? மெசேஜ் மகனுக்குப் போனது என்றால், கணக்கோடு சேர்ந்த நம்பர் மகனுடையது.

மகன் கெட்டவன் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கணக்கு ஆரம்பிக்கும்போது நம்மிடம் போன் இல்லை. ஃபார்மில் ஒரு நம்பர் எழுத வேண்டும் என்றார்கள். வீட்டில் இருந்த நம்பரைக் கொடுத்தோம். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதன் பிறகு என்ன ஆகலாம் என்று பாருங்கள்.

மகன் ஒரகடம் கம்பெனிக்கு வேலைக்குப் போய் அங்கேயே அறை எடுத்துத் தங்குகிறான். சிம்மும் அவனோடு போகிறது. ஓ.டி.பி. வேண்டும் என்றால் அவன் ஷிப்ட் முடியும் வரை நாம் காத்திருக்க வேண்டும்.

மருமகனோ கொழுந்தனோ நம்பரை மாற்றிக்கொள்கிறார். பழைய சிம்முக்கு ரீசார்ஜ் போடவில்லை. துண்டித்த நம்பரை 90 நாளுக்குப் பிறகு கம்பெனி வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். அப்புறம் நம் கணக்கு மெசேஜ் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும்.

வீட்டில் கஷ்டம் வருகிறது. "அப்புறம் போட்டுடலாம்" என்று நம்மைக் கேட்காமலே நம் கணக்கிலிருந்து 2,000, 3,000 என்று போகிறது. நாம் பாஸ்புக்கை வரவு வைக்கப் போகும் அன்றுதான் தெரிகிறது.

சிறுவாடு எங்கே போச்சு?

நம் அம்மாக்கள் அஞ்சறைப் பெட்டியிலும் அரிசிப் பானையிலும் சிறுவாடு சேர்த்தார்கள். யாருக்கும் தெரியாத பணம் அது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், பெண்ணுக்குப் பள்ளிக் கட்டணம் என்றால், அங்கிருந்துதான் வரும். 2016 நவம்பர் 8-ம் தேதி இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, எத்தனையோ வீடுகளில் அந்தப் பணம் வெளியே வந்தது. மாற்றுவதற்காக வீட்டு ஆண்களிடம் கொடுக்க வேண்டி வந்தது. சில வீடுகளில் திரும்பி வந்தது, சில வீடுகளில் வரவில்லை.

போன் பணத்தில் ரகசியம் இன்னும் குறைவு. வந்தாலும் மெசேஜ், போனாலும் மெசேஜ். எவ்வளவு மிச்சம் என்பதும் அதிலேயே இருக்கும். நம்பர் நம்முடையது என்றால் அந்தக் கணக்கு நமக்கு மட்டும் தெரியும். நம்பர் மற்றவருடையது என்றால் நம் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு நாம் வெளியே நிற்கிற மாதிரி.

நம் உழைப்புக்குக் கிடைக்கும் சாட்சி

பயத்தை மட்டும் சொன்னால் பாடம் பாதிதான். நம்பர் நம் பேரில் இருந்தால் இந்த மாற்றத்தில் நமக்கு நல்லதும் இருக்கிறது.

தறி வீட்டில் பட்டு இழைப்பது, தார் சுற்றுவது, பாவு பிணைக்கும்போது கூட நிற்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் வேலை. ஆனால் கூலி புடவைக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒருவர் கைக்கு வரும். நம் பங்கு எவ்வளவு என்று எங்கும் எழுதியிருக்காது. புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பவர்கள், முந்தானைக் குஞ்சம் கட்டுபவர்கள், ரவிக்கை தைப்பவர்கள், முறுக்கு, மசாலாப் பொடி விற்பவர்கள் நம் குழுக்களில் நிறையப் பேர். இவர்கள் கையில் வாங்கும் காசு அன்றன்றைக்கு மளிகைக்குப் போய்விடும். "மாதம் எவ்வளவு சம்பாதிக்கிறீங்க?" என்று பாங்க்கில் கேட்டால், "ஏதோ வரும் சார்" என்போம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு சகோதரி நாளைக்கு 200 ரூபாய் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் என்றால் 5,000 ரூபாய், வருஷத்துக்கு 60,000 ரூபாய். அது முழுவதும் அவருடைய சொந்தக் கணக்கில், அவர் நம்பர் வழியாக வந்திருந்தால், பாங்க் அறிக்கையில் வரிசையாக நிற்கும். கடன் கேட்கப் போகும்போது அந்தத் தாளே பேசும். வீட்டுக்காரர் சம்பளச் சீட்டு வேண்டாம். "நான் சும்மா வீட்டில்தான் இருக்கேன்" என்று சொல்லும் பழக்கமும் போகும்.

வாட்ஸ்அப்பில் படம் போட்டுப் புடவை விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டு சுத்தமானது என்பதற்கு மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் முத்திரை 2004 முதல் இருக்கிறது. ஆனால் போன் படத்தில் கைத்தறியும் விசைத்தறியும் ஒரே மாதிரி தெரியும். தறியில் கோர்வை போடுவதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்துப் புடவையோடு அனுப்பினால், வாங்குகிறவருக்கு நம்பிக்கை வரும், நமக்கும் உழைப்புக்கேற்ற விலை கேட்க வாய் வரும். பணம் வந்ததா என்பதை அவர் அனுப்பும் படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நம் கணக்கில் வரவு ஆனதைப் பார்த்த பிறகுதான் பார்சல்.

ஏமாற்றுபவர்கள் எப்படி வருவார்கள்?

ஒரே ஒரு விதியை மனப்பாடம் செய்யுங்கள். பின் நம்பர் பணம் போவதற்கு மட்டுமே. பணம் வருவதற்குப் பின் நம்பரும் வேண்டாம், கட்டத்தை ஸ்கேன் செய்யவும் வேண்டாம். கீழே சொல்லும் ஏமாற்றுகளில் பல இந்த ஒரு விதியிலேயே அடிபட்டுப் போகும்.

1. "உங்களுக்குப் பரிசு, உதவித்தொகை வந்திருக்கு, பின் போட்டு வாங்கிக்குங்க" என்பார்கள். போட்டால் நம் பணம் போகும். தனி ஆள் இன்னொருவரிடம் இப்படிப் பணம் கேட்டு அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் முதல் என்.பி.சி.ஐ. நிறுத்திவிட்டது. ஆனாலும் வேறு வேஷத்தில் வருவார்கள்.

2. "தெரியாம உங்களுக்கு 5,000 அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்கம்மா" என்று அழுவார்கள். காட்டும் மெசேஜ் போலியாக இருக்கலாம். கணக்கைப் பாருங்கள். நிஜமாகவே வந்திருந்தாலும் பாங்க் மூலமாகத் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள்.

3. கல்யாணப் பத்திரிகை, அரசுத் திட்டம் என்ற பேரில் வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும். திறந்தால் ஒரு ஆப் போனில் ஏறிக்கொண்டு, நமக்கு வரும் ஓ.டி.பி.யை அவர்கள் படித்துவிடுவார்கள்.

4. போலீஸ் உடுப்பில் வீடியோவில் வந்து, "உங்களைக் கைது பண்ணியிருக்கோம், யாருக்கும் சொல்லக் கூடாது" என்பார்கள். போன் மூலம் கைது செய்யச் சட்டத்தில் இடமே இல்லை. போனை வைத்துவிடுங்கள்.

5. பத்திரம் இல்லாமல் அஞ்சு நிமிஷத்தில் கடன் என்று ஆப் வரும். உள்ளே போனதும் நம் போட்டோவையும் போனில் உள்ள நம்பர்களையும் எடுத்துக்கொண்டு, பிறகு சொந்தக்காரர்களுக்கு எல்லாம் அனுப்பி மானத்தை வாங்குவார்கள். அவசரம் என்றால் குழுவில் உள்கடன் கேளுங்கள்.

6. கடைக்காரரின் கட்ட அட்டை மேல் வேறு அட்டையை ஒட்டிவிடுவதும் உண்டு. ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பேரை வாய்விட்டுப் படியுங்கள். "இந்தப் பேர்தானாண்ணே?" என்று கேட்ட பிறகு அனுப்புங்கள்.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்கார நேரம் இல்லை. உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்தி வைக்க அதில் வழி உண்டு. அடுத்து பாங்க்குக்குச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கி 2017-ல் வெளியிட்ட விதியின்படி, நம் தப்பும் பாங்க்கின் தப்பும் இல்லாமல் வெளியாரால் போன பணத்தை 3 வேலை நாளுக்குள் சொன்னால் பொறுப்பு நம் மேல் இல்லை. பின் நம்பரை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால், புகார் சொல்லும் வரை போனது நம் நஷ்டம். அதனால் வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நமக்குத்தான் செலவு. மற்ற உறுப்பினர்களும் "உனக்கு இது கூடத் தெரியாதா?" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இனி வரப்போவது

சாதா பட்டன் போன் வைத்திருப்பவர்களும் பணம் அனுப்ப *99# என்ற வழி இருக்கிறது. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி பட்டன் போனுக்கென்று யு.பி.ஐ. 123 பே என்ற முறையையும் கொண்டுவந்தது. பெரிய போன் வாங்கினால்தான் முடியும் என்பது இல்லை.

2025 அக்டோபரில் பின் நம்பருக்குப் பதில் விரல் ரேகை, முகம் காட்டிப் பணம் அனுப்பும் வசதி வந்தது. எழுத்தும் எண்ணும் வராத பாட்டிக்கு இது பெரிய உதவி. ஆனால் அந்தப் போனில் யார் யார் விரல் ஏற்கெனவே பதிந்திருக்கிறது என்று பார்த்த பிறகே இதைப் போட வேண்டும்.

கம்ப்யூட்டர் இப்போது மனிதக் குரலையும் காப்பி அடிக்கிறது. "அம்மா, ஆக்சிடென்ட், உடனே பணம் போடு" என்று மகன் குரலிலேயே அழைப்பு வரலாம். வைத்துவிட்டு அவன் நம்பருக்கு நாமே திரும்பக் கூப்பிட வேண்டும். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையை இன்றே பேசி வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஐந்து வருஷத்தில் என்னென்ன வரும் என்று பட்டியல் போட்டு முடியாது. எது வந்தாலும் மூன்று கேள்வி கேட்போம். இது யார் பேரில் இருக்கும்? யார் கையில் இருக்கும்? தப்பு நடந்தால் நான் யாரிடம் போய்க் கேட்பது? மூன்றுக்கும் பதில் கிடைத்தால் எடுத்துக்கொள்வோம். கிடைக்காவிட்டால் பொறுத்துப் பார்ப்போம்.

குழுப் பணத்துக்கும் இதே விதி

சில குழுக்களில் உறுப்பினர்கள் சந்தாவை ஊக்குநரின் சொந்த நம்பருக்கு அனுப்புகிறார்கள். வசதிதான். ஆனால் குழுக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வைத்தது எதற்காக? ஒருவர் மேல் பழி வரக் கூடாது, ஒருவர் கையில் எல்லாம் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான். சொந்தக் கணக்கில் குழுப் பணம் கலந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். முடிந்தவரை நேராகக் குழுக் கணக்கு எண்ணுக்கே அனுப்புங்கள். வேறு வழி இல்லாமல் ஊக்குநர் நம்பருக்கு அனுப்பினால், தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதி, யார் எவ்வளவு, எந்தத் தேதி என்று கூட்டத்தில் படித்து, மறுநாளே குழுக் கணக்கில் கட்டி ரசீது ஒட்டுங்கள். போனில் மெசேஜ் இருக்கிறதே என்று ரொக்கப் புத்தகத்தை விட்டுவிட வேண்டாம். போன் தொலையும், உடையும். புத்தகம் குழுவிடம் இருக்கும்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியவை

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, வீட்டுப் போன் மூன்றையும் எடுத்து வாருங்கள். பின் நம்பரை மட்டும் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டாம், ஊக்குநருக்கும் சொல்ல வேண்டாம்.

ஒவ்வொருவரும் தன் கணக்கில் எந்த நம்பர் இருக்கிறது என்று பார்க்கட்டும். பாஸ்புக்கில் இல்லாவிட்டால் பாங்க்கில் கேட்கட்டும். தன் நம்பர் இல்லை என்றால், தன் பேரில் ஒரு சிம் வாங்கி, பாஸ்புக்கும் ஆதாரும் கொண்டுபோய் நேரில் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்கட்டும். துணைக்கு இரண்டு பேர் சேர்ந்து போனால் பயம் இருக்காது. நம் ஆதாரில் எத்தனை சிம் வாங்கப்பட்டிருக்கிறது என்பதை, 2023-ல் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் படித்த பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லலாம். நாம் வாங்காதது இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

வீட்டில் இதைச் சொல்லும்போது சண்டையாகச் சொல்ல வேண்டாம். "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று மகன் கேட்டால், "நீ ஊருக்குப் போயிட்டா நான் யாரைக் கேட்பேன்? அதான் மாத்திக்கிறேன்" என்று சொன்னால் போதும். அது உண்மையும்கூட.

கலந்து பேசக் கேள்விகள்

1. நம் குழுவில் எத்தனை பேர் கணக்கில் சொந்த நம்பர் இருக்கிறது? எத்தனை பேருக்கு இல்லை?
2. பணம் வருவதற்குப் பின் நம்பர் வேண்டுமா? ஏன்?
3. கடைசியாக ரீசார்ஜ் போட்டது யார்? போடாமல் விட்டால் நம்பர் என்ன ஆகும்?
4. உறுப்பினர் ஒருவர் ஏமாந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் குழு என்ன செய்ய வேண்டும்? யார் 1930-க்குப் பேசுவது?
5. குழுப் பணம் யார் நம்பருக்குப் போகிறது? தீர்மானம் எழுதியிருக்கிறோமா?

முதல் கேள்விக்கான எண்ணிக்கையைத் தீர்மானப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். சொந்த நம்பர் இல்லாதவர்கள் ஒருவர்கூட இல்லை என்று ஆகும் வரை, மாதா மாதம் சேமிப்பு வாங்குகிற மாதிரி இதையும் கூட்டத்தில் கேட்டுக்கொண்டே இருப்போம்.